கையெழுத்து இருந்த இடத்தில் மூன்று எண்கள்

எண்பதுகளின் நடுவில் நான் வங்கியில் சேர்ந்தபோது, ஒருவர் யார் என்பதற்கு அவருடைய கையெழுத்துதான் சாட்சி. கும்பகோணம் கிளையில் எங்கள் பாஸிங் ஆபீசர் காசோலை கைக்கு வந்ததும், தொகையைப் பார்ப்பதற்கு முன்பே மாதிரிக் கையெழுத்து அட்டைகள் அடுக்கிய மரப்பெட்டியை இழுப்பார். அட்டையையும் காசோலையையும் அருகருகே வைத்துச் சுழி சுழியாகப் பார்ப்பார். மண்டிக்காரர்கள், பாத்திரக்கடைக்காரர்கள், கல்லூரி வாத்தியார்கள் என்று ஊரில் பாதிப் பேரின் கையெழுத்து அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் பாத்திரக்கடை முதலாளி ஒருவரின் காசோலையைக் கடைப் பையனிடமே திருப்பிக் கொடுத்து, "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா? கை நடுங்கியிருக்கே. விசாரிச்சுட்டு வா" என்றார். முதலாளிக்கு அன்று நல்ல காய்ச்சல். பையன் வேறு காசோலையில் தெளிவான கையெழுத்து வாங்கி வந்த பிறகுதான் பணம் போனது.

காசோலை கொடுத்தவருக்கு எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று தருவோம். கேஷியர் எண்ணைக் கூப்பிடுவார். "பதினேழு என்னோடதுதான்" என்று வாயால் சொன்னால் பணம் வராது. டோக்கனைக் கம்பிக்குள் நீட்ட வேண்டும். எண் தெரிந்திருப்பது வேறு, பொருள் கையில் இருப்பது வேறு. கார்டின் பின்பக்கத்து மூன்று எண்களைப் பற்றி யார் கேட்டாலும் நான் அந்த டோக்கனிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

இந்தியாவில் கிரெடிட் கார்டை சென்ட்ரல் பாங்க் 1980இலேயே கொண்டுவந்துவிட்டது என்றாலும், எங்கள் ஊரில் அது காதால் கேட்ட சங்கதி மட்டுமே. தொண்ணூறுகளில் சென்னைக்கு மாற்றலாகிக் கார்டு பிரிவுக்குப் போன பிறகுதான் அதை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். தி.நகர் ஜவுளிக்கடைகளில் அப்போது இருந்தது ஜிப்-ஜாப் மெஷின். இரும்புத் தட்டின் பள்ளத்தில் கார்டை வைத்து, அதன் மேல் கார்பன் வைத்த மூன்று தாள் சீட்டைப் பொருத்தி, கைப்பிடியை அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு. கார்டில் புடைத்திருக்கும் எண்ணும் பெயரும் காலாவதித் தேதியும் சீட்டில் பதிந்துவிடும். கரண்ட் தேவையில்லை. திருடுபோன கார்டுகளின் எண்கள் பொடி எழுத்தில் அச்சான புத்தகம் ஒன்று கல்லாவில் தொங்கும்; சிப்பந்தி அதில் விரல் வைத்துத் தேடுவார். தொகை பெரிதென்றால் வங்கிக்குப் போன் போட்டு அனுமதி எண் வாங்க வேண்டும். லைன் கிடைக்கும்வரை பட்டுப்புடவை வாங்கிய குடும்பம் ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடிக்கும்.

கடைசியாக வாடிக்கையாளர் சீட்டில் கையெழுத்துப் போடுவார். சிப்பந்தி கார்டைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளைப் பட்டையில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடுவார். அதனால்தான் கார்டைக் கொடுக்கும்போதே நாங்கள் வற்புறுத்திச் சொல்வோம்: "சார், பின்னாடி இப்பவே கையெழுத்துப் போட்டுடுங்க. கையெழுத்து இல்லாத கார்டு செல்லாது." பின்பக்கம் என்பது எல்லாருக்கும் காட்டுவதற்காகவே இருந்தது. இன்று அதே பின்பக்கத்தை யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்ளும்படி கெஞ்சுகிறோம். அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் பெரிய கார்டு நிறுவனங்கள் கையெழுத்து கட்டாயமில்லை என்று விலக்கிவிட்டன. இப்போது வரும் பல கார்டுகளில் அந்த வெள்ளைப் பட்டையே கிடையாது.

அந்தக் காலத்திலும் திருட்டு இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் கடைக்காரரிடம் கார்பன் தாளைக் கேட்டு வாங்கிச் சுக்குநூறாகக் கிழிப்பார்கள். குப்பைக்கூடையில் விழும் கார்பனில் எண், பெயர், தேதி எல்லாம் அப்படியே படிந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஒருவன் போனில் சரக்குக் கேட்டால் கடைக்காரருக்கு எதிரில் முகமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. போன் வியாபாரத்தில் தொடங்கிய அந்தச் சங்கடம் இணையம் வந்ததும் நூறு மடங்காயிற்று. 2002 ஆகஸ்ட்டில் ஐஆர்சிடிசி இணையத்தில் ரயில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது, கார்டு எண்ணைத் திரையில் அடிக்கும் பழக்கம் நம் வீடுகளுக்குள் வந்தது. எண்ணை அடிக்கிறவரிடம் கார்டு உண்மையிலேயே இருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த மூன்று எண்கள்.

நம் ஊரில் சிவிவி என்று சொல்லிப் பழகிவிட்டோம். மாஸ்டர்கார்டு 1997இல் இதைக் கொண்டுவந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டில் நான்கு எண்கள், அதுவும் முன்பக்கத்தில். இதை அச்சிட்ட விதத்திலேயே பாதி பாதுகாப்பு இருக்கிறது. எழுத்து புடைக்காமல் தட்டையாக இருப்பதால் ஜிப்-ஜாப்பில் எத்தனை முறை இழுத்தாலும் சீட்டில் விழாது. கருப்புக் காந்தப் பட்டையிலும் இது கிடையாது. பட்டைக்கென்று தனியாக ஒரு மூன்றெண் உண்டு, சிப்புக்கென்று இன்னொன்று உண்டு. இரண்டும் நம் கண்ணுக்குத் தெரியாதவை. ஏடிஎம்மில் கள்ளக் கருவி பொருத்திப் பட்டையை நகலெடுத்தவனுக்குப் பட்டையின் எண்தான் கிடைக்கும். அதை வைத்துப் போலிக் கார்டு செய்ய முயலலாம். பின்பக்கத்து எண்ணைக் கேட்கும் இணையக் கடையில் அது பலிக்காது.

இந்த மூன்று எண்களை யாரும் நினைத்தபடி அச்சடிப்பதில்லை. கார்டு எண், காலாவதித் தேதி, சர்வீஸ் கோடு என்ற மூன்றிலக்கக் குறியீடு ஆகியவற்றைச் சேர்த்து, வங்கியின் பூட்டிய கருவிக்குள் இருக்கும் ரகசியச் சாவிகளால் மறையாக்கம் செய்து, வருவதிலிருந்து மூன்று இலக்கங்களை எடுக்கிறார்கள். பின்பக்கத்து எண்ணுக்கு சர்வீஸ் கோடு இருக்கும் இடத்தில் 000 போட்டுக் கணக்கிடுவார்கள், சிப்புக்கு 999. அதனால் ஒரே கார்டுக்கு மூன்று விடைகள் வருகின்றன. நாம் திரையில் எண்ணை அடித்ததும் அது வங்கிக்குப் போய், அங்கே கருவி மறுபடி கணக்குப் போட்டு ஒப்பிடுகிறது. மரப்பெட்டியைத் திறந்து பார்த்த அந்த ஆபீசரின் வேலையை இன்று செய்வது இந்தக் கருவிதான். அதற்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. முதலாளிக்குக் காய்ச்சலா என்று கேட்கத்தான் அதற்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி வேறொரு விதியில் இருக்கிறது. கார்டுத் தொழிலின் பாதுகாப்பு விதிகளின்படி, பணப் பரிவர்த்தனைக்கு அனுமதி கிடைத்த பிறகு எந்தக் கடையும் இந்த மூன்று எண்களைச் சேமித்து வைக்கக்கூடாது. மறையாக்கம் செய்தும்கூட வைக்கக்கூடாது. கடையின் கணினியை யாராவது சூறையாடினாலும் கார்டு எண்ணும் தேதியும் போகலாம், இது போகாது. 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடுபோயின. கல்லா இயந்திரங்களுக்குள் புகுந்த நிரல் காந்தப் பட்டையில் இருந்ததை அள்ளிக்கொண்டு போனது. பின்பக்கத்து எண் அந்தப் பட்டையில் இல்லாததால் அந்தக் கொள்ளையில் அது சிக்கவில்லை.

2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. திருடர்கள் சேமித்த கோப்புகளோடு நிற்கவில்லை. பணம் கட்டும் பக்கத்திலேயே ஒளிந்துகொண்டு, பயணிகள் அடிக்க அடிக்க எண்களைத் தங்கள் பக்கம் அனுப்பிக்கொண்டார்கள். 2,44,000 பேரின் பெயர், முகவரி, கார்டு எண் ஆகியவற்றுடன் சிவிவியும் போயிருக்கலாம் என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் கண்டது. இரண்டு மாதங்களுக்கு மேல் நிறுவனத்துக்கு அது தெரியவே இல்லை. 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தார்கள். அதற்கு முன்பே, 2016இல், நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு ஓட்டையைக் காட்டியிருந்தார்கள். மூன்று இலக்கம் என்றால் ஆயிரம் வாய்ப்புகள்தான். ஒரே தளத்தில் ஆயிரம் முறை தட்டினால் கதவு மூடிவிடும். பல தளங்களில் சில தடவைகள் என்று பிரித்துத் தட்டினால் சில நொடிகளிலேயே எண் கிடைத்துவிடுகிறது என்று செய்து காட்டினார்கள். மாஸ்டர்கார்டின் வலையமைப்பு அதைக் கண்டுபிடித்துத் தடுத்தது, விசாவினுடையது அப்போது தடுக்கவில்லை.

ஆகவே மூன்று எண்களை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பதைப் பல நாடுகளுக்கு முன்பே நம் ரிசர்வ் வங்கி உணர்ந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை. கார்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தகவலையும் கேட்டுச் சரிபார்த்த பிறகே இணையத்தில் பணம் போக வேண்டும் என்று 2009 பிப்ரவரியில் சுற்றறிக்கை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயம். முதலில் கடவுச்சொல், பிறகு செல்பேசிக்கு வரும் ஓடிபி. ஆரம்பத்தில் எத்தனை முணுமுணுப்பு! கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். கார்டுப் பிரிவுக்கு வந்த போன்களில் பாதி, "இது என்ன சார் புதுத் தொல்லை?" என்றுதான் இருந்தன. அந்தத் தொல்லைதான் பல லட்சம் குடும்பங்களின் சம்பளத்தைக் காத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2022 அக்டோபர் 1 முதல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. கார்டு எண்ணையே கடைகள் சேமிக்கக்கூடாது. அதற்குப் பதில் அந்தக் கடைக்கென்று உருவாக்கிய ஒரு மாற்று எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிந்த கார்டுகளுக்குச் சில தளங்கள் இப்போது சிவிவி கேட்பதே இல்லை.

கணக்கும் சாவியும் விதியும் இவ்வளவு இறுகியதும், திருடன் எண்ணை உடைப்பதை விட்டுவிட்டு நம்மிடமே கேட்க ஆரம்பித்தான். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஏனென்றால், அவன் பயன்படுத்துவது நாங்கள் கவுன்ட்டரில் வருடக்கணக்காக உட்கார்ந்து சேர்த்த நம்பிக்கையை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் எழுந்து நின்று பதில் சொன்ன காலம் ஒன்று உண்டு. டெபாசிட் முதிர்ந்துவிட்டது, வந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று நாங்களே போன் செய்திருக்கிறோம். எங்கள் குரலை அவர்கள் நம்பினார்கள். திருடனுக்குக் கிடைத்த மூலதனம் அந்த நம்பிக்கைதான்.

எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். பென்ஷன் கணக்கு, டெபிட் கார்டு, தனிக்குடித்தனம், மகன் வெளியூரில். ஒரு மாலை அவருக்குப் போன் வந்தது. "அம்மா, வணக்கம். ஹெட் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். கேஒய்சி முடியாததால உங்க கார்டு இன்னிக்கு ராத்திரியோட பிளாக் ஆயிடும். நீங்க பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல." முன்பக்கத்துப் பதினாறு எண்கள், தேதி, பின்பக்கத்து மூன்று எண்கள் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார். ஓடிபி வந்தது, அதையும் சொன்னார். 48,000 ரூபாய் போய்விட்டது. பின்னால் என்னிடம் சொன்னார்: "அவ்வளவு மரியாதையாப் பேசினான் தம்பி. நீங்கள்லாம் அப்ப பேசுவீங்களே, அதே மாதிரி இருந்துது."

மறுநாள் காலையில் கைபேசியில் செய்தியைப் பார்த்துவிட்டு நேராகத் தன் வங்கிக் கிளைக்குப் போயிருக்கிறார். வரிசை இயந்திரத்தில் சீட்டு எடுத்துக் காத்திருந்து கவுன்ட்டருக்குப் போனால், அங்கிருந்த இளைஞர், "ஓடிபியை ஏன் மேடம் சொன்னீங்க?" என்று ஆரம்பித்து, "படிச்சவங்கதானே நீங்க?" என்று முடித்தாராம். பாஸ்புக்கும் மகனும் வந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். கார்டைத் தடுக்கவில்லை. புகாரைப் பதியவில்லை. அன்று பிற்பகல் இன்னொரு 9,500 ரூபாய் போயிற்று. இந்த முறை ஓடிபி வரவே இல்லை. அது வெளிநாட்டுத் தளம். அங்கே பல கடைகளில் கார்டு எண்ணும் தேதியும் பின்பக்கத்து மூன்று எண்களும் இருந்தால் போதும். மூன்று எண்களை மட்டும் சொன்னால் என்ன ஆகிவிடும், ஓடிபிதான் சொல்லக்கூடாது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்தி வைக்கும் வசதியை எல்லாக் கார்டுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020இல் விதி கொண்டுவந்தது. வங்கிச் செயலியில் ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டால் போதும். டீச்சரின் கார்டில் அது திறந்தே கிடந்தது. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

மறுநாள் நான் அவருடன் போனேன். முந்தைய நாள் அவர் வந்ததற்குக் கிளையில் எந்தப் பதிவும் இல்லை. "இப்பத்தானே சார் சொல்றாங்க" என்றார்கள். டீச்சர் கைப்பையைத் துழாவி, கசங்கிய வரிசைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். தேதியும், காலை 10.42 என்ற நேரமும் அதில் அச்சாகியிருந்தன. அந்தச் சீட்டின் நகலை இணைத்து, நடந்ததை எழுதி, முத்திரை போட்டு ஒப்புகை வாங்கினோம்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இதில் தெளிவாக இருந்தது. வங்கியின் மேலும் தவறில்லை, வாடிக்கையாளர் மேலும் தவறில்லை, வேறெங்கோ ஓட்டை என்றால், செய்தி வந்து மூன்று வேலைநாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலைநாள் என்றால் ஒரு வரம்புக்குள் நஷ்டத்தை ஏற்க வேண்டும். வாடிக்கையாளரே ரகசியத்தைச் சொல்லியிருந்தால், புகார் சொல்லும்வரை போனது அவருடையது; புகார் சொன்ன பிறகு போனது வங்கியுடையது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் வங்கிக்குத்தான். டீச்சருக்கு 48,000 திரும்பவில்லை. 9,500 திரும்பியது. அந்தக் கசங்கிய சீட்டு இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது.

வாடிக்கையாளர்களுக்கு வங்கிகள் செய்யும் போதனைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. "வங்கி உங்களை அழைக்காது" என்று ஒரு பக்கம் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள்; மறுபக்கம் கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று நாளெல்லாம் கூப்பிடுகிறார்கள். எழுபது வயதுக்காரர் எதை நம்புவார்? பரிவர்த்தனை, சேவை தொடர்பான அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தும் விற்பனை அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தும் மட்டுமே போக வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையையும் வங்கிகள்தான் செய்ய வேண்டும்.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். கார்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்கு அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் பெருகிவிட்டது. உடனே நிறுத்துங்கள், போனில் இருக்கும் பழைய படங்களையும் அழித்துவிடுங்கள். ஓட்டலில் கார்டை சர்வரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். இயந்திரத்தை மேசைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டு அதன் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவைப்பது நல்ல பழக்கம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்காதீர்கள். வங்கியின் உதவி எண்ணில் கார்டைத் தடுத்துவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று கவுன்ட்டரில் என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பணத்தைப் பறிகொடுத்தவர் பதறிப்போய் உங்கள் முன்னால் நிற்கும்போது, முதலில் கார்டைத் தடுத்து, புகாரைப் பதிந்து, நேரம் குறித்து ஒப்புகை கொடுத்துவிடுங்கள். ஏன் சொன்னீர்கள் என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.